டாக்டர் சீட்டா, ஃபுட்டி பயிற்றுநர் வேலையா? மெல்பர்ன் பெற்றோர் ஒருவருக்கு

உங்கள் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. இளையோருக்கான போட்டித்தொடரான டேலண்ட் லீக் அணியில் இடம் கிடைக்கவில்லை, ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) பயிற்றுநராகப் போகிறேன் என்கிறான். அவன் பெரியப்பாவோ மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான யூகேட் வகுப்புக்குப் பணம் கட்டத் தயாராக நிற்கிறார். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சுலபம். ஆனால் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் நேரடி மருத்துவப் படிப்புக்கு வேதியியல் கட்டாயம். உங்கள் மகன் அதை எடுக்கவே இல்லை. தனியார் பல்கலைக்கழகத்தில் முழுக் கட்டண மருத்துவ இடத்துக்காக வீட்டின் மேல் கடன் வாங்கும் யோசனை இருந்தால் இன்றே கைவிடுங்கள்.

ஃபுட்டியின் தேசிய லீக்கான ஏஎஃப்எல்லில் ஆடியவர்தான் பயிற்றுநராகலாம் என்று பலர் நினைப்பதும் சரியில்லை. கிறிஸ் ஃபேகன் ஏஎஃப்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. டாஸ்மேனியாவில் ஆடி, பள்ளி ஆசிரியராக இருந்து, இளையோர் அணியைப் பயிற்றுவித்து மேலே வந்தவர். 2024இல் பிரிஸ்பேன் அணிக்கு ஏஎஃப்எல் கோப்பை வாங்கித் தந்தார். ஹாத்தோர்ன் அணிக்குப் பயிற்றுநராக நான்கு கோப்பை வென்று தந்த அலஸ்டெர் கிளார்க்சன் ஏஎஃப்எல் ஆடியவர்தான். அவரும் வெரிபி போன்ற சிறிய கிளப்புகளைப் பயிற்றுவித்த பிறகே அங்கு போனார்.

அதற்காக இதையே பிழைப்பாக நம்ப முடியாது. ஏஎஃப்எல்லில் தலைமைப் பயிற்றுநர் இடங்கள் மொத்தம் 18. கொரோனாவுக்குப் பின் கிளப்புகளின் செலவு வரம்பை வெட்டியபோது உதவிப் பயிற்றுநர்கள் பலர் வேலை இழந்தார்கள். அதனால் கூடவே உடற்கல்வி ஆசிரியர் பட்டமும் படிக்கட்டும் என்கிறேன். நான்கு ஆண்டு, அரசு உதவி இடம். குடியுரிமை இருந்தால் ஹெக்ஸ் என்ற அரசுக் கல்விக் கடன் கிடைக்கும். நிரந்தர வதிவிடம் மட்டும் என்றால் பெரும்பாலும் மாணவர் பங்குக் கட்டணத்தை அந்தந்தப் பருவத்திலேயே கட்ட வேண்டும். இதை முதலில் சரிபாருங்கள்.

பயிற்றுநர் வேலையை அவன் இந்த சீசனிலேயே தொடங்கலாம். ஏஎஃப்எல்லின் அடிப்படைப் பயிற்றுநர் பாடங்களை இணையத்தில் முடித்துவிட்டு, கிளப்பின் 12 வயதுக்குட்பட்ட அணியில் உதவியாளராகச் சேரட்டும். 18 வயதானதும் குழந்தைகளோடு பணிபுரியும் அனுமதி வாங்க வேண்டும். தன்னார்வலருக்கு அது இலவசம். புதியவர்கள் சறுக்குவது பயிற்சி நேரத்தில்தான். பத்துப் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே பந்தைக் கொடுத்தால் ஒவ்வொருவரும் காத்து நிற்கும் நேரமே அதிகம். மூன்று பேருக்கு ஒரு பந்து கொடுத்துப் பிரித்துவிட வேண்டும். ஆட்டத்தன்று ஒவ்வொரு கால்பகுதியிலும் யார் வெளியே, யார் எந்த இடம் என்று முதல்நாள் இரவே எழுதி வைக்கட்டும். இல்லாவிட்டால் கூச்சப்படும் பிள்ளை நான்கு கால்பகுதியும் பின்மூலையிலேயே நிற்கும், அதன் அப்பா திங்கட்கிழமை ஃபோன் செய்வார்!

பல்கலைக்கழக இடங்களுக்கான விடிஏசி விண்ணப்பத்தில் எட்டு விருப்பங்கள் வரை கொடுக்கலாம். முதல் இடத்தில் எதைப் போடுவது என்பதை அவனே முடிவு செய்யட்டும், பெரியப்பா அல்ல.