காட்டு வான்கோழி குறைவது ஏன்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் காட்டு வான்கோழி அழிவிலிருந்து மீண்ட கதையை நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எங்கள் தெருவில் காலை நேரத்தில் வான்கோழிக் கூட்டம் கார்களை நிறுத்திவைத்துவிட்டு நிதானமாகச் சாலையைக் கடக்கும். ஆனால் ஜார்ஜியாவில் இருக்கும் என் அலுவலக நண்பர் வேறு கதை சொல்கிறார். அவர் வேட்டைக்குப் போகிறவர். தங்கள் பக்கத்தில் வசந்த காலத்தில்கூடச் சேவலின் குரல் கேட்பது அரிதாகிவிட்டது என்கிறார். கொயோட்டி என்ற, ஓநாய் போன்ற காட்டு நாய்கள்தான் காரணமாம். எனக்கென்னவோ அவர் கையில் இருக்கும் துப்பாக்கிதான் காரணம் என்று தோன்றுகிறது. யார் சொல்வது சரி?

அன்புடன்,
எஸ்., மாசசூசெட்ஸ்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்ப்பதும் உண்மை, அவர் சொல்வதும் உண்மை. மாசசூசெட்ஸில் 1851-க்குப் பிறகு காட்டு வான்கோழியே இல்லை. 1972-73இல் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைப் பிடித்துவந்து மாநிலத்தின் மேற்கிலுள்ள பெர்க்‌ஷயர் பகுதியில் விட்டார்கள். உங்கள் தெருவைக் கடப்பவை பெரும்பாலும் அவற்றின் வழிவந்தவைதான். தென்கிழக்கு மாநிலங்களில் இந்த மீட்பு முன்பே நடந்து, எண்ணிக்கை உச்சம் தொட்டு, இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. புதிய இடத்தில் குடியேறும் பறவை முதலில் மளமளவென்று பெருகும், பிறகு ஓரளவு குறைந்து நிலைகொள்ளும். தெற்கில் காணும் சரிவின் ஒரு பகுதி அதுதான். ஆனால் முழுவதும் அது அல்ல.

முதலில் துப்பாக்கி. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பறவையை ஏறக்குறைய ஒழித்ததே கட்டுப்பாடில்லாத வேட்டையும் காடழிப்பும்தான். மீட்டெடுக்கப் பணம் கொடுத்ததும் வேட்டைக்காரர்கள்தான். 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. வசந்த கால வேட்டை பெரும்பாலும் சேவல்களைக் குறிவைத்தே நடக்கிறது. பெட்டைகள் இணைசேரும் முன்பே சேவல்களைச் சுட்டுவிடுகிறோமோ என்ற கவலையில் ஜார்ஜியா, அலபாமா போன்ற மாநிலங்கள் வேட்டைப் பருவத்தின் தொடக்கத்தைத் தள்ளிவைத்தன. டென்னசியில் இரண்டு வாரம் தள்ளிவைத்து ஆய்வு செய்தார்கள். கூடுகள் தப்பும் விகிதம் அதனால் கூடவில்லை. ஆகவே துப்பாக்கியைக் கட்டுக்குள் வைக்கத்தான் வேண்டும், ஆனால் சிக்கலின் முடிச்சு அங்கே இல்லை என்பது என் எண்ணம். முடிச்சு தரையில் இருக்கிறது.

பெட்டை வான்கோழி கூடு கட்டுவதில்லை. ஒரு புதரடியிலோ விழுந்த மரத்தின் அருகிலோ தரையைக் கொஞ்சம் குழியாக்கி, சருகின் மேல் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். 28 நாள் பெரும்பாலும் இடத்தைவிட்டு நகராமல் அடைகாக்கும். அந்த நாட்களில் இரவுதோறும் ரக்கூன், ஸ்கங்க், ஒப்போசம் போன்ற இரவில் இரைதேடும் சிறு விலங்கோ பாம்போ ஏதாவது ஒன்று மோப்பம் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வரும். தென்கிழக்கில் பெரும்பாலான கூடுகள் குஞ்சு பொரிப்பதற்கு முன்பே அழிந்துபோகின்றன. பொரித்துவிட்டால் இன்னொரு கண்டம். ஒரு நாளுக்குள் தாய் குஞ்சுகளை நடத்திக் கூட்டிப்போய்விடும், ஆனால் முதல் ஒன்றிரண்டு வாரம் அவற்றால் மரக்கிளைக்குப் பறந்தேற முடியாது. இரவில் தரையிலேயே தாயின் சிறகுக்கடியில் ஒண்டிக்கொள்ளும். பெரும்பாலான குஞ்சுகள் சாவது இந்த இரண்டு வாரத்தில்தான்.

இந்தக் காலத்தில் அவற்றுக்கு வேண்டியது தானியமல்ல, பூச்சி. வெட்டுக்கிளி, வண்டு, புழு. அதற்கேற்ற நிலம் எப்படி இருக்க வேண்டும் தெரியுமா? புற்கள் தூர்தூராகத் தள்ளித்தள்ளி நிற்க வேண்டும், இடையில் குஞ்சு ஓட வெறும் மண் வேண்டும், மேலே பருந்து கண்ணில் படாதபடி இலை மறைவு வேண்டும். தென்கிழக்கில் அப்படிப்பட்ட நிலம் ஒருகாலத்தில் ஏராளம். லாங்லீஃப் பைன் காடுகள் மட்டுமே சுமார் 9 கோடி ஏக்கர் இருந்தன. மின்னலும் பழங்குடி மக்களும் மூட்டிய தீ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையை மட்டும் எரித்துவிட்டுப் போகும், மரம் பிழைக்கும், புல் புதிதாகத் துளிர்க்கும். பிறகு மரத்துக்காகவும் விவசாயத்துக்காகவும் வெட்டினார்கள், தீயையும் அணைத்தார்கள். அந்தக் காடு 30 லட்சம் ஏக்கர் அளவுக்குச் சுருங்கியது. பல இடங்களில் இப்போது நெருக்கமாக நட்ட பைன் தோட்டம் நிற்கிறது. உள்ளே வெயில் இறங்காது, புல் இல்லை, பூச்சியும் இல்லை.

மேய்ச்சல் நிலங்களின் கதையும் இதுதான். ஐரோப்பாவிலிருந்து வந்த ஃபெஸ்க்யூ புல் இடைவெளியே இல்லாமல் அடர்ந்து படரும். வான்கோழியைப் போலவே தரையில் முட்டையிடும் பாப்வைட் காடையின் குஞ்சு பொரிக்கும்போது ஒரு பெரிய வண்டின் அளவுதான் இருக்கும். அந்தப் புல்லுக்குள் அதனால் நகரவே முடியாது. 1960களிலிருந்து பாப்வைட் காடை 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. வான்கோழியைவிட அந்தக் காடைதான் என்னை அதிகம் வருத்துகிறது. அதற்காகத் தெருவில் யாரும் காரை நிறுத்தப்போவதில்லை.

உங்கள் நண்பர் கைகாட்டும் திசை சரிதான், விலங்குதான் சற்று மாறிவிட்டது. கொயோட்டியும் பெட்டையைப் பிடிக்கும், முட்டையையும் தின்னும். ஆனால் கூடுகளைச் சூறையாடுவதில் ரக்கூனின் பங்கு பெரிது. 1980களின் இறுதியில் ரோமத்தோலின் விலை சரிந்தது, பொறிவைத்துப் பிடிப்பவர்கள் தொழிலை விட்டார்கள், ரக்கூன்கள் பெருகின. ஆனாலும் ரக்கூனை ஒழித்தால் போதும் என்று நான் சொல்லமாட்டேன். ஜார்ஜியாவின் தாமஸ்வில்லுக்கும் ஃப்ளோரிடாவின் டாலஹாசிக்கும் இடையே ரெட் ஹில்ஸ் என்ற பகுதி இருக்கிறது. காடைக்குத் தீ வேண்டும் என்று காட்டுயிர் ஆய்வாளர் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் 1931இல் எழுதியது அங்கே செய்த ஆய்வை வைத்துத்தான். அன்றைய வனத்துறையினருக்கு அது பிடிக்கவில்லை. அங்கே இன்றும் தவறாமல் நிலத்தை எரிக்கிறார்கள், காடையும் இருக்கிறது. ரக்கூனையும் பிடிக்கிறார்கள்தான். ஆனால் ஒளிய இடமும் தின்னப் பூச்சியும் இல்லாத நிலத்தில் எத்தனை ரக்கூனைப் பிடித்து என்ன பயன்?

இங்கிலாந்தில் சாம்பல் கௌதாரிக்கு நேர்ந்ததும் இதுவே. ஆய்வாளர் டிக் பாட்ஸ் 1968 முதல் சசெக்ஸ் வயல்களில் தொடர்ந்து ஆராய்ந்து காட்டினார்: களைக்கொல்லி களையைக் கொன்றது, களையை நம்பியிருந்த பூச்சிகள் போயின, குஞ்சுகள் பட்டினியால் செத்தன. கௌதாரிக்கு யாரும் நஞ்சு வைக்கவில்லை.

நோயும் சில இடங்களில் உண்டு. பென்சில்வேனியாவின் மாநிலப் பறவையான ரஃப்ட் க்ரவுஸ் என்ற காட்டுக்கோழி போன்ற பறவை குறைந்ததில், 1999இல் அமெரிக்காவுக்கு வந்த, கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸுக்குப் பங்கு இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? நண்பருக்குச் சொந்த நிலம் இருந்தால், முறையான அனுமதியோடு அதை எரிக்கச் சொல்லுங்கள். வைக்கோலுக்காகப் புல் அறுப்பதைக் கோடையின் பிற்பகுதிவரை தள்ளிப்போடச் சொல்லுங்கள், அடைகாக்கும் பெட்டை கடைசி நொடிவரை எழுந்திருக்காமல் அறுவை இயந்திரத்தில் சிக்கிச் சாகிறது. உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு பெட்டைக்குச் சராசரி இரண்டு குஞ்சாவது தேறினால்தான் கூட்டம் குறையாமல் நிற்கும் என்பது பொதுவான கணக்கு. கோடையில் பெட்டைகளையும் குஞ்சுகளையும் எண்ணித்தான் அதைத் தெரிந்துகொள்கிறார்கள். உங்கள் மாநிலத்தின் காட்டுயிர்த் துறை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பொதுமக்களிடமிருந்தே இந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்குகிறது. தெருவில் காரை நிறுத்தும்போது எண்ணி அனுப்புங்கள். குஞ்சே இல்லாத பெட்டையையும் சேர்த்து எண்ணுங்கள், பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

அன்புடன்.