10 மி.கி.யை 20 ஆக்கினால் பலன் இரட்டிப்பாகுமா?

மருந்து: வாசகர் கேள்வி பதில்

கே: கொலஸ்ட்ராலுக்கு ஒரு வருடமாக அடார்வாஸ்டேட்டின் 10 மி.கி. சாப்பிடுகிறேன். கெட்ட கொலஸ்ட்ரால் 160ல் இருந்து 100க்கு இறங்கியது. இன்னும் குறையட்டும் என்று டாக்டர் 20 மி.கி. ஆக்கினார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 91தான். மாத்திரை சரியில்லையா, என் உடம்பு சரியில்லையா?
(வாசகர், மன்னார்குடி)

ப: இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன, கணக்குதான் இடிக்கிறது. 10 மி.கி. 60 குறைத்தது, 20 மி.கி. 120 குறைக்கும் என்று எதிர்பார்த்தீர்கள் போல. அப்படியே போனால் 40 மி.கி. போடுகிறவருக்குக் கொலஸ்ட்ரால் பூஜ்யத்துக்குக் கீழே அல்லவா போக வேண்டும்? இந்த வகை மாத்திரைகளுக்கு டாக்டர்களிடம் ஓர் ஆறு கணக்கு உண்டு. அளவை ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும், மருந்து ஆரம்பிப்பதற்கு முன் இருந்த அளவில் சுமார் 6 சதவீதம்தான் கூடுதலாகக் குறையும். 160க்கு 6 சதவீதம் 9.6. உங்களுக்கு 9 குறைந்திருக்கிறது, பாடப்புத்தகத்தில் போட்ட மாதிரி.

நான் படித்த காலத்தில் இதைத் தவளையை வைத்துத்தான் கற்றுக்கொடுத்தார்கள். தவளையின் வயிற்றுத் தசையில் ஒரு துண்டை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, அசிட்டைல்கோலின் மருந்தை 0.1 மில்லி, 0.2, 0.4, 0.8 என்று விட வேண்டும்; தசை சுருங்கும்போது அதோடு கட்டிய நெம்புகோலின் முனை, புகைக்கரி படிந்த உருளையில் ஒரு கோடு கிழிக்கும். (அந்த உருளையில் சுற்றும் காகிதத்துக்குப் புகைக்கரி ஏற்றுவதற்குள், போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டு கறுப்புக் கோட்டு ஆகிவிடும். இப்போது தவளையும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது.) முதல் கோடு குட்டை, அடுத்தது நல்ல உயரம், அதற்கடுத்தது இன்னும் உயரம், அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் அதே உயரம்தான். அதற்கு மேல் சுருங்க அந்தத் தசையால் முடியாது.

உங்கள் மாத்திரை கதையும் கிட்டத்தட்ட இதுதான். கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிக்கிற ஒரு நொதியைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. பெரும்பகுதியை முதல் 10 மி.கி.யே பிடித்துவிட்டால் அடுத்த 10க்கு என்ன மிச்சம் இருக்கும்? போதாததற்கு, நொதி குறைகிறதே என்று உடம்பும் இன்னும் கொஞ்சம் தயாரித்து வைக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்கு அந்த ஆறு சதவீதமும் தேவைப்படுவதால் 40, 80 வரை போவார்கள், அது வேறு. ஆனால் டாக்டர் அளவை மேலும் ஏற்றாமல் எசிடிமைப் என்று இன்னொரு மாத்திரை எழுதினால், மாத்திரைக்கு மேல் மாத்திரையா என்று கோபப்படாதீர்கள். அது குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. இங்கே வழி அடைபட்டால் வேறு வழி பார்க்கிறார், அவ்வளவுதான்.

கே: என் பி.பி. மாத்திரை 5 மி.கி.தான், காய்ச்சல் மாத்திரை 650 மி.கி. அப்படியானால் பி.பி. மாத்திரை லேசானதுதானே, ஒரு நாள் இரண்டாகப் போட்டால் என்ன?
(வாசகி, தென்காசி)

ப: போடாதீர்கள். சாம்பாருக்குப் பருப்பு ஒரு டம்ளர், பெருங்காயம் ஒரு சிட்டிகை. அதற்காகப் பெருங்காயம் லேசானது என்போமா?

மி.கி. என்பது வெறும் எடை. நீர் பிரிவதற்கான மாத்திரைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுரோசிமைட் 40 மி.கி. செய்கிற வேலையைப் புமெடனைட் 1 மி.கி. செய்துவிடும். அதனால் அது நாற்பது மடங்கு நல்ல மருந்து ஆகிவிடாது, மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் எடை குறைவு, அதோடு சரி. இன்னொரு பக்கம் ஹைட்ரோகுளோரோதயசைட் இருக்கிறது. வழக்கமாக 25 மி.கி.தான், எண் ஃபுரோசிமைடைவிடச் சின்னது. ஆனால் எவ்வளவு கூட்டினாலும் ஃபுரோசிமைட் அளவுக்கு நீர் பிரியாது. அது தொடக்கூடிய உச்சமே தாழ்ந்தது. எங்கள் மருந்து குறைந்த மி.கி.யிலேயே வேலை செய்யும் என்று யாராவது பெருமையடித்தால், சரி, உச்சம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

கே: தலைவலிக்குப் பாராசிட்டமால் 650 ஒன்று போதவில்லை என்றால் இரண்டு, சில நாள் மூன்று சேர்த்துப் போடுகிறேன். அது பச்சைத் தண்ணீர் மாதிரி, ஒன்றும் செய்யாது என்கிறார் என் அண்ணன்.
(வாசகர், சேலம்)

ப: அண்ணனுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஒரு வேளைக்கு 1000 மி.கி.யைத் தாண்டினால் வலி அதற்கேற்பக் குறைவதில்லை, பலன் அங்கேயே படுத்துவிடும். ஆனால் கல்லீரலுக்கு ஆகும் கேடு இன்னொரு தனிக் கோடு, பலன் நின்ற இடத்தில் அது நிற்காது. பாராசிட்டமாலில் ஒரு சிறு பகுதி உடம்புக்குள் நஞ்சாக மாறுகிறது, கல்லீரலில் இருக்கும் குளூட்டாதயோன் அதை அவ்வப்போது துடைத்துவிடுகிறது. அந்தக் கையிருப்பு தீரும் வரை எதுவும் தெரியாது, தீர்ந்த பிறகுதான் கல்லீரல் செல்கள் சாக ஆரம்பிக்கும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு 4000 மி.கி. உச்சவரம்பு. தினமும் குடிப்பவர், ரொம்ப ஒல்லியானவர், கல்லீரல் நோய் உள்ளவர் என்றால் அதைவிடவும் குறைவு. மூன்று மாத்திரை வீதம் மூன்று வேளை போட்டால் 5850! சளி மாத்திரை பலவற்றிலும் இதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மோசமானது என்னவென்றால், அதிகமாகச் சாப்பிட்டவர் முதல் நாள் நன்றாகவே நடமாடுவார். நஞ்சை முறிக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் காப்பாற்றும், அதனால் ஒன்றும் இல்லையே என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்புறம் உங்கள் தலைவலி: மாதத்தில் 15 நாளுக்குமேல் இந்த மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். டாக்டரைப் பாருங்கள்.

கே: அம்மாவுக்கு வலிப்புக்காக ஃபெனிட்டோயின் 300 மி.கி. கொடுத்து வந்தோம், நிற்கவில்லை என்று 400 ஆனது. இப்போது தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது. நூறுதானே கூடியது?
(வாசகி, காரைக்குடி)

ப: முதலில் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கொத்தாக வரும்.

இது மேலே கொலஸ்ட்ரால் மாத்திரைக்குச் சொன்னதற்கு நேர் எதிர். ரேஷன் கடையில் பில் போடுகிறவர் ஒருவர்தான், வரிசை நீண்டால் அவர் கை வேகமாகிவிடாது, வரிசைதான் தெருவுக்கு வரும். ஃபெனிட்டோயினைக் கழிக்கிற கல்லீரல் நொதியும் அப்படித்தான், ஓர் எல்லைக்கு மேல் அதற்கு வேகம் இல்லை. அந்த எல்லையில் மாத்திரை மூன்றில் ஒரு பங்கு கூடினால் ரத்தத்தில் இரு மடங்குகூட ஆகலாம். ஒரு மில்லி ரத்தத்தில் 10 முதல் 20 மைக்ரோகிராம் இருப்பது வழக்கமான இலக்கு. அதைத் தாண்டினால் கண்விழி தானாக ஆடுவது, தள்ளாட்டம், குழறல். ரத்த அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 300க்கு மேல் பெரும்பாலும் 25, 50 என்றுதான் ஏற்றுவார்கள்.

கே: வால்வு ஆபரேஷன் ஆன அப்பாவுக்கு வார்ஃபரின் தருகிறார்கள். அது எலி மருந்தாமே?
(வாசகர், நாகர்கோவில்)

ப: ஆமாம். 1948ல் எலிக்கொல்லியாக விற்பனைக்கு வந்தது, 1954ல் அமெரிக்காவில் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது, அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே கொடுத்தார்கள். எலிக்கும் அப்பாவுக்கும் அது செய்வது ஒரே வேலை, ரத்தம் உறையாமல் தடுப்பது. பலனுக்கும் ஆபத்துக்கும் நடுவே இடம் குறுகலாக இருப்பதால்தான் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்துப் பார்த்து அளவை மாற்றுகிறார்கள், அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். கீரை இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும், அதற்காக நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிடுகிறார் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். மூட்டுவலிக்குக் கடையில் தானாக மாத்திரை வாங்குகிற பழக்கம் இருந்தால் அதை மட்டும் அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள்.