புது சர்வருக்கு மாறும்போது டேட்டாபேஸ் பேக்கப்பை ஒன்றும் தொலையாமல் ரீஸ்டோர் செய்வது எப்படி?

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. எனக்குத் தெரிந்த டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் மட்டும்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் ஏறி வந்ததே, அப்போது அங்கே ஒரு கருப்பட்டி மொத்தக் கடையில் சர்வர் என்று பெயர் வாங்கிய பழைய விண்டோஸ் பெட்டி கல்லாவுக்குக் கீழே தரையில் கிடந்தது. அண்ணாச்சி சுதாரித்து அதைத் தூக்கி மச்சில் வைத்ததால் தப்பியது. தண்ணீர் வடிந்ததும், "இனி இது இங்க வேண்டாம் தம்பி, எங்கயாவது மேல ஏத்திரு" என்றார். ஏற்றினேன், லினக்ஸ் ஓடும் ஒரு வாடகை சர்வருக்கு.

டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் கட்டளைகளாக எழுதிவைக்கும் பேக்கப் கோப்பு) எடுத்துப் புது இடத்தில் ஓட்டியபோது ஒரு எரர்கூட வரவில்லை. ஒவ்வொரு டேபிளிலும் வரிகளை எண்ணினேன். இரண்டு பக்கமும் ஒன்றுதான். நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலை ஏழு மணிக்கு போன்: "என்னடே தம்பி, சரக்கு பேரெல்லாம் பேயடிச்ச மாதிரி கெடக்கு?"

பில்லில் கருப்பட்டி இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு முளைத்த ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' என்று வரிசையாக நின்றது. எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அந்த மூன்றையும் தனித்தனி லத்தீன் எழுத்தாகப் படித்தால் இப்படித்தான் தெரியும். பழைய டேபிள்கள் லேட்டின்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான கேரக்டர்செட், அதாவது எழுத்துக் குறியீட்டு முறை) என்று உருவாக்கப்பட்டவை. பில்லிங் சாஃப்ட்வேரை ஓட்டும் பழைய பிஎச்பியும் லேட்டின்1 என்று சொல்லியே பேசியது. உள்ளே போன பைட் அப்படியே வெளியே வந்ததால் இத்தனை வருஷமும் யார் கண்ணிலும் படவில்லை. புது பிஎச்பி யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யுடிஎஃப்-8-க்குப் பெயர்) என்று பேசியதும், சர்வர் அதை நம்பி எழுத்துகளை 'மாற்றிக்' கொடுத்துவிட்டது. நான் வரியை எண்ணினேனே தவிர, ஒரு வரியையாவது படித்துப் பார்க்கவில்லை.

பழைய பெட்டியில் கை வைக்காமல் விட்டிருந்ததால் பிழைத்தேன். டம்ப்பை லேட்டின்1 என்று குறிப்பிட்டு, ஸ்கிப்-செட்-சார்செட் (கேரக்டர்செட் வரியைக் கோப்பில் எழுதாதே என்ற ஆப்ஷன்) போட்டு மறுபடி எடுத்தேன். கோப்புக்குள் டேபிள்களின் கேரக்டர்செட்டை மட்டும் யுடிஎஃப்8எம்பி4 ஆக்கி, ஏற்றும்போதும் அதையே சொன்னேன். கருப்பட்டி திரும்பி வந்தது. (மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பு வரை டம்ப் கருவி தானாக எடுப்பது மூன்று பைட் யுடிஎஃப்8. தமிழ் அதில் தாங்கும். நான்கு பைட் எமோஜி கேள்விக்குறியாகிவிடும்.)

எழுத்து சரியான பிறகும் பாதித் திரைகள் திறக்கவில்லை. விண்டோஸில் டேபிள் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் கிடையாது, லினக்ஸில் உண்டு. மைஎஸ்க்யூஎல் 8.0-ல் இந்த பேதம் பார்ப்பதா வேண்டாமா என்ற அமைப்பை சர்வரை முதன்முதலில் தயார் செய்யும்போது மட்டும்தான் வைக்க முடியும். எனவே எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி நிறுவினேன். மதியம் ஆகிவிட்டது.

நீங்கள் டம்ப் எடுக்கும்போது ரொட்டீன்ஸ் (டேட்டாபேஸுக்குள் சேமித்த புரோகிராம்கள்), ஈவென்ட்ஸ் (நேரம் வைத்து ஓடும் வேலைகள்) இரண்டையும் கேட்டு வாங்குங்கள், தானாக வராது. டிரிகர் (டேபிளில் வரி மாறும்போது தானே ஓடுவது) தானாக வரும். யூசர்களும் அவர்களுடைய அனுமதிகளும் தனி. எடுக்கும்போது டேட்டா மாறினாலும் ஒரே கணத்தின் நிலையை எடுத்துத் தரும் சிங்கிள்-டிரான்சாக்ஷன் ஆப்ஷன், இன்னோடிபி வகை டேபிளுக்குத்தான் காப்பு. பழைய மைஐசாம் வகை டேபிள் கலந்திருந்தால் கடையை அடைத்த பிறகு எடுங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் அம்புக்குறி (>) போட்டுக் கோப்பில் திருப்பினால் அது யுடிஎஃப்-16 ஆகிவிடும், ஏறாது. ரிசல்ட்-ஃபைல் என்ற ஆப்ஷன் அதற்குத்தான் இருக்கிறது. கோப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இல்லையென்றால் டிஸ்க் நிறைந்தோ கரண்ட் போயோ பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள்.

மாற்றும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தடவை முழுசாக ஏற்றி, கடைக்காரரையே உட்காரவைத்துப் பழைய பில் பத்து அடிக்கச் சொல்லுங்கள். நமக்குத் தெரியாத தப்பு அவர்கள் கண்ணில் உடனே படும். நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்: வாடகை சர்வர் யுடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) ஓடினால் காலை பத்து மணி பில், நாலரை மணி என்று அச்சாகும். எங்களுக்கு அதுவும் நடந்தது. "விடியறதுக்கு முன்னாடி எவம்டே கருப்பட்டி வாங்குதான்?" என்று கேட்டார் அண்ணாச்சி.