வாடைக்கு முன் நங்கூரத்தைப் பாருங்கள்: கேள்வியும் பதிலும்

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று ஓய்ந்து வாடை பிடிக்கப்போகிற நேரம் இது. வலைக்கும் இயந்திரத்துக்கும் காசைப் போட்டுவிட்டு நங்கூரத்தைக் கடைசியாக நினைப்பது நம் கரைகளில் வழக்கமாகிவிட்டது. காரைநகரில் பிறந்து நாற்பது வருடத்துக்கு மேல் படகோடு இருந்தவன் நான். இந்தக் கிழமை வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாசையூர்த் தம்பி ஒருவர்: அண்ணை, என்னுடையது 18 அடி பைபர் படகு. பெயின்ற் வாளியில் சீமெந்து ஊற்றி 20 கிலோ வரப் பண்ணி வைத்திருக்கிறேன். இது போதாதா?

போதாது தம்பி. கரையில் 20 கிலோ நிற்கிற சீமெந்துக் கட்டி தண்ணீருக்குள் 12 கிலோ அளவுதான் நிற்கும். அதன் கனவளவுக்குரிய தண்ணீர் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. இரும்பு அப்படி இழக்காது, எட்டில் ஒரு பங்குதான் குறையும். அதைவிடப் பெரிய குறை, வாளிக்கு நகம் இல்லை. அது நிலத்தில் சும்மா இருக்குமே தவிர, நிலத்தைப் பிடிக்காது. காற்று இழுத்தால் பின்னாலேயே வரும். நங்கூரம் நிலத்துக்குள் இறங்கித்தான் படகை நிறுத்துகிறது. 6, 7 கிலோ உள்ள தட்டை நகம் வைத்த நங்கூரம் ஒன்று, மணலிலும் சேற்றிலும் உங்கள் வாளியை விடப் பல மடங்கு பிடிக்கும். வாளியை எறியவேண்டாம், வலையின் தலைப்பில் கட்ட உதவும்.

குருநகரிலிருந்து ஒருவர்: ஐயா, எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) கயிறு விடவேண்டும்? ஒவ்வொருவர் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள்.

நீங்கள் கேட்டதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. நங்கூரம் இழுபட்டுப் போனது என்று என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் நங்கூரத்தைத்தான் குற்றம் சொல்கிறார்கள். எத்தனை பாகம் விட்டீர்கள் என்று கேட்டால், அடி முட்டினதும் கட்டிவிட்டேன் என்பார்கள்.

நங்கூரத்தின் தண்டை நிலத்தோடு படுக்க வைத்து இழுத்தால் நகம் உள்ளே இறங்கும். தண்டை மேலே தூக்கி இழுத்தால் நகம் வெளியே வரும். நங்கூரம் ஏற்றும்போது நாம் செய்வதும் அதுதானே, நேர் மேலே வந்து நின்று தூக்குகிறோம். கயிற்றைக் குறைவாக விட்டவர் படகை நிறுத்தவில்லை, நங்கூரத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

கணக்கு இதுதான். தண்ணீரின் ஆழத்தோடு, தண்ணீர் மட்டத்திலிருந்து அணியம் (படகின் முன்பக்கம்) எவ்வளவு உயரமோ அதையும் கூட்டுங்கள். நம் பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் ஓர் இரண்டடி சேர்த்துக்கொள்ளுங்கள். வரும் தொகையை ஐந்தால் பெருக்கினால் அமைதியான பகலுக்குச் சரி. இரவு தங்குவதென்றால் ஏழால். காற்று எழும்பினால் பத்தால். ஆழம் ஐந்து பாகம் என்று வைத்துக்கொள்வோம். அணியத்தின் உயரத்தோடும் பெருக்கோடும் ஐந்தேமுக்கால். பகலுக்கு 29 பாகம், இரவுக்கு 40. கயிற்றில் ஐந்து பாகத்துக்கு ஒரு முடிச்சாகத் துணித்துண்டு கட்டிவிடுங்கள். இருட்டில் கை தானாக எண்ணும்.

பத்துப் பாகக் கயிற்றோடு வாடைக்குள் போகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அது எனக்குத் தாங்க முடிவதில்லை.

அவரே தொடர்ந்து: அப்படியென்றால் நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையில் சங்கிலி எதற்கு? முழுக்கக் கயிறே போடலாமே?

கயிறு மட்டும் போட்டால் கல்லில் உரசி அறும். சங்கிலி அறாது. இன்னொன்று, சங்கிலியின் பாரம் தண்டை நிலத்தோடு அமர்த்திப் பிடிக்கிறது. ஓர் அலை அணியத்தைத் தூக்கும்போது முதலில் சங்கிலிதான் நிலத்தைவிட்டு எழும்பும், நங்கூரத்துக்கு அந்த வெட்டு இழுவை போகாது. 6 மில்லிமீற்றர்ச் சங்கிலி ஒரு மீற்றருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே வரும். 8 மில்லிமீற்றர் 1.4 கிலோ வரும். 18 முதல் 23 அடிப் படகுக்கு 6 மில்லிமீற்றரே போதும், நீளம் படகின் நீளமாவது இருக்கட்டும். காசு இருந்தால் இன்னும் ஐந்து மீற்றர் கூட்டுங்கள்.

ஆனால் ஒன்று. காற்றின் வேகம் இரட்டித்தால் படகில் விழும் தள்ளு நான்கு மடங்காகும். அந்த நேரம் சங்கிலி முழுவதும் நீட்டி விறைத்துவிடும், பாரத்தின் உதவி போய்விடும். அப்போது காப்பாற்றுவது நீளம் மட்டும்தான்.

கயிறு நைலோனாக இருக்கட்டும். இழுபட்டு நீளும், அதிர்ச்சியை வாங்கும், தாழும். வலைக்குப் பாவிக்கிற நீலம், பச்சைக் கயிறுகள் மிதக்கும். பக்கத்தில் போகிற படகின் விசிறியில் சுற்றும்.

மயிலிட்டித் தம்பி: பாரில் (கடலடிக் கற்பாறையில்) போட்டால் நங்கூரம் சிக்குகிறது அண்ணை. இந்த வருடம் மூன்று போய்விட்டது.

வடகரை முழுக்கச் சுண்ணாம்புக் கல்லும் பாரும்தான், சிக்கத்தான் செய்யும். முதலில் ஒரு வேண்டுகோள்: உயிருள்ள பவளத்தின்மேல் போடாதீர்கள். பக்கத்திலேயே மணல் வெளி இருக்கும், தண்ணீர் தெளிந்திருந்தால் வெளிறித் தெரியும், அதில் போடுங்கள். மீன் வந்து அடைவது அந்தப் பவளத்தில்தான்.

கல்லில்தான் போடவேண்டும் என்றால், வெல்டிங் கடையில் கட்டுமானக் கம்பியில் செய்கிற நாலு நக நங்கூரம் எடுங்கள். கடும் இழுவையில் நகம் நிமிர்ந்து கழன்று வரும். கரைக்கு வந்து வளைத்துக்கொள்ளலாம்.

நகம் நிமிராத நங்கூரம் என்றால் இப்படிச் செய்யுங்கள். சங்கிலியைத் தண்டின் மேல்வளையத்தில் பூட்டாமல், நகங்கள் சேரும் அடிமூட்டில் பூட்டுங்கள். பிறகு சங்கிலியைத் தண்டோடு மேலே கொண்டுவந்து, வளையத்தோடு வலைநூலால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். சாதாரண இழுவைக்கு அந்த நூல் தாங்கும். சிக்கிக்கொண்டால் நேர் மேலே வந்து, கயிற்றை அணியத்தில் கட்டிவிட்டு அலையைத் தூக்கவிடுங்கள். ‘டக்’ என்று ஒரு சின்ன அதிர்வு கயிற்றில் தெரியும். அது நூல் அறுந்தது. இழுவை அடிமூட்டுக்கு மாறி, நங்கூரம் போன வழியே பின்புறமாக வெளியே வரும். மூன்று சுற்று போதும், ஆறு சுற்றினால் அறாது. இந்தக் கட்டோடு படகில் நித்திரை கொள்ளாதீர்கள், காற்றுத் திரும்பினால் நூல் அறுந்துவிடும்.

கனடாவிலிருந்து காங்கேசன்துறைக்கு வந்திருப்பவர்: 24 அடிப் பாய்ப்படகு வாங்கியிருக்கிறேன். டான்போர்த், புரூஸ், ரொக்னா என்று கடைக்காரர் நங்கூரப் பட்டியல் தருகிறார். எது நல்லது?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலத்துக்குப் பிறந்தது. கலப்பை வடிவில் வருகிற சி.கியூ.ஆர். 1933இல் ஜெப்ரி டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலறிஞர் வடிவமைத்தது. டான்போர்த் அதற்குச் சில வருடம் பிந்தியது. இரண்டாம் உலகப் போரில் துருப்புகளைக் கரையில் இறக்கிய படகுகள், திரும்பத் தங்களைத் தாங்களே இழுத்துக்கொள்ளப் பாவித்தன. பாரம் குறைவு, மணலிலும் சேற்றிலும் அபாரமாகப் பிடிக்கும். ஆனால் காற்றுத் திரும்பி ஒருமுறை கழன்றுவிட்டால், நகங்களுக்கிடையில் கல்லோ சாதாளையோ (கடற்புல்) சிக்கி மறுபடி இறங்காமல் போகலாம். புரூஸ் எண்ணெய் மேடைகளுக்காக வந்தது, கல்லில் பரவாயில்லை. ரொக்னா போல முதுகில் வளையம் வைத்தவை எப்படி விழுந்தாலும் தானாகப் புரண்டு நகத்தை நிலத்துக்குத் திருப்பும்.

நீங்கள் இரவு தங்குவீர்கள், காற்றும் திரும்பும். ஆகவே முதுகு வளையம் உள்ளது ஒன்று, 10 கிலோ அளவில். இரண்டாவதாக ஒரு டான்போர்த். ஒன்றே ஒன்றை நம்பிக் கடலில் தங்காதீர்கள்.

பல்கலைக்கழக மாணவி: கடனீரேரியில் மாதிரி எடுக்கப் போகிறோம். ஒன்றரை மீற்றர்தான் ஆழம். அங்கேயும் இந்தக் கணக்கா?

அங்கேயும்தான் பிள்ளை. ஒன்றரையோடு அணியத்தின் அரை மீற்றர் சேர்த்தால் இரண்டு. ஐந்தால் பெருக்கினால் 10 மீற்றர், காற்று எழும்பினால் பத்தால் பெருக்கி 20. ஆழம் குறைந்த இடத்தில் அணியத்தின் உயரத்தை மறந்துவிட்டால் கணக்கு மோசமாகப் பிழைக்கும். சாதாளைப் படையின்மேல் நகம் வழுக்கும், வேரோடு பிடுங்கியும் வரும். வெறும் சேறு உள்ள இடம் பாருங்கள். அரை மணி நேர வேலைக்கு ஒரு கம்பை ஊன்றிக் கட்டுவதே மேல்.

நெடுந்தீவிலிருந்து ஒருவர்: நடுக்கடலில் இயந்திரம் நின்றால் முதலில் என்ன செய்யவேண்டும்?

மூடியைக் கழற்றவேண்டாம். முதலில் நங்கூரத்தைப் போடுங்கள்.

வாடைக்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து. நெடுந்தீவில் நின்றுபோன படகை அது தென்மேற்கே தள்ளும். கச்சதீவையும் தாண்டினால், 1974இல் வரைந்த இந்திய எல்லைக்கோடு அதற்கு மேற்கே கிட்டத்தான். இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போய்விடுவோம் என்று யாரும் பார்ப்பதில்லை. நங்கூரம் பிடித்துவிட்டால் நீங்கள் நின்ற இடம் மாறாது. தேடி வருகிறவர்களுக்கும் அந்த இடத்தைச் சொல்லலாம். பாக்கு நீரிணைப் பக்கம் நம் நல்ல காலம், கூடுதலான இடங்களில் ஆழம் ஏழெட்டுப் பாகத்துக்குள் அடங்கும். அறுபது பாகக் கயிறு இருந்தால் அநேகமாக எங்கேயும் நிற்கலாம். ஆழம் கூடிய இடத்தில் அடி தட்டாவிட்டாலும் தொங்கவிடுங்கள். ஆழம் குறையும் இடத்துக்கு ஒதுங்கும்போது தானாகப் பிடிக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், நங்கூரம் அணியத்தில் இருக்கவேண்டும், கயிறு சிக்கில்லாமல் ஒரு கூடைக்குள். வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் அடியில் கிடக்கிற நங்கூரம் இல்லாததற்குச் சமம்.

வேறொருவர்: பின்பக்கத்தில் கட்டலாமா? இயந்திரத்தின் பக்கம்தான் வசதி.

கட்டவே கூடாது. பின்பலகை தாழ்வு, அங்கே இயந்திரத்தின் பாரமும் இருக்கிறது. கடல் அந்தப் பக்கமாக ஏறினால் இரண்டு அலையில் படகு நிறைந்துவிடும்.

வல்வெட்டித்துறைத் தங்கச்சி: கணவரின் சங்கிலியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எப்போது மாற்றவேண்டும் அண்ணை?

நல்ல வேலை செய்கிறீர்கள் தங்கச்சி. நாகம் (துத்தநாகம்) பூசிய சங்கிலியே வாங்குங்கள். கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை தலைகீழாக மாற்றிப் பூட்டுங்கள், நங்கூரப் பக்கம்தான் முதலில் தேயும். வளையங்கள் ஒன்றோடொன்று முட்டுகிற உட்பக்கத்தைப் பாருங்கள், வெளியில் தெரியாது. பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் மாற்றுங்கள். 8 மில்லிமீற்றர் 7.2க்கு வந்தால் போதும், கழியுங்கள்.

சங்கிலியை நங்கூரத்தோடு பூட்டுகிற ஷக்கிளை மறவாதீர்கள். ஒருமுறை எழுவைதீவுக்குக் கிட்ட இரவு நின்றபோது எனக்கு நடந்தது இது. புது ஷக்கிள், கையால் இறுக்கிவிட்டுக் கம்பி சுற்றாமல் விட்டிருந்தேன். விடியப்புறம் படகு ஆடுகிற விதம் மாறிக் கண் விழித்தேன். கயிற்றை இழுத்தால் பாரமே இல்லை. சங்கிலியின் நுனி வளையம் பளபளவென்று வெறுமையாக மேலே வந்தது. ஆணி தானாகக் கழன்று, நங்கூரமும் ஷக்கிளும் கீழே. கரை நூறு பாகம்கூட இல்லை. அன்றிலிருந்து ஆணியின் துளைக்குள் மெல்லிய கம்பி விட்டு முறுக்காமல் ஒரு ஷக்கிளும் என் படகில் ஏறியதில்லை. ஷக்கிளும் நாகம் பூசியதாகவே இருக்கட்டும், ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் போட்டால் அது தொடும் இடத்தில் சங்கிலியின் நாகம் விரைவில் கரையும்.

பருத்தித்துறையிலிருந்து ஒருவர்: புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு நங்கூரம் போட்டு நிறுத்தலாமா?

சின்னப் படகென்றால் வேண்டாம், கரைக்கு ஏற்றுங்கள். 2020 டிசம்பரில் புரெவி கரையைத் தொட்டது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில். தொலைவில்தானே என்று இருக்கமுடியாது. இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், படகை உழவியந்திரம் வைத்து மேலே இழுத்துப் பனையோடு கட்டுங்கள். ஏற்ற முடியாத பெரிய படகுக்குத்தான் இரண்டு நங்கூரம். அணியத்திலிருந்து கவட்டை போல விரித்துப் போடவேண்டும், இடைக்கோணம் 60 பாகை அளவில். கயிறு விளிம்பில் உரசும் இடத்துக்குப் பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டைக் கீறி மாட்டுங்கள். நங்கூரம் பிடித்திருந்தும் அந்த ஓரிடத்தில் கயிறு அறுந்து கரையேறின படகுகள் ஏராளம்.

கடைசியாக ஒரு இளைஞர்: பிடித்துவிட்டதா, இழுபடுகிறதா என்று எப்படி அறிவது?

கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிற இரண்டு பொருளைப் பிடியுங்கள். முன்னால் ஒரு பனை, பின்னால் காரைநகர்க் கோவளம் வெளிச்சவீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் படகும் நிற்கிறது. படகு அங்குமிங்கும் ஆடும்போது விலகித் திரும்பச் சேரும், அது பரவாயில்லை. விலகினது விலகினபடியே போனால் இழுபடுகிறது. கயிற்றில் கை வைத்தும் பார்க்கலாம். பிடித்த கயிறு விறைத்து அசையாமல் நிற்கும். இழுபடுகிற கயிறு நிலத்தில் தட்டித் தட்டி வருவது விரலில் தெரியும். கை வைக்கும்போது கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள் தம்பி, சுருளுக்குள் காலும் வைக்காதீர்கள். தெரிந்தவுடன் இன்னும் பத்துப் பாகம் விடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ஏற்றி, நகத்தில் ஒட்டினதைக் கழுவி, காற்றுக்கு எதிரே ஓடி, திரும்பப் போடுங்கள். எறியாமல், கையால் இறக்கி.

நகம் கழுவும்போது என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். சேறா, மணலா, சாதாளையா என்று அடுத்தமுறை அந்த இடத்துக்குப் போகும்போது ஞாபகம் இருக்கட்டும்.