பழைய வயலினுக்குள் 'ஸ்ட்ராடிவாரியஸ்' என்று லேபிள் இருந்தால் அது அசலா?

லேபிளை முதலில் மறந்துவிடுங்கள். ஸ்ட்ராடிவாரி புகழ்பெற்ற இத்தாலிய வயலின் செய்பவர்; 'ஸ்ட்ராடிவாரியஸ்' என்பது அவர் பெயரின் லத்தீன் வடிவம். 19-ஆம் நூற்றாண்டு முதல் ஜெர்மனி, பிரான்ஸ் பட்டறைகள் மலிவு வயலின்களிலும் அதே பெயரை அச்சடித்து ஒட்டின.

வயலின் செய்பவர்கள் மரத்தையும் கைவேலையையும்தான் பார்ப்பார்கள். தலைப்பகுதியின் சுருளை உளி எப்படித் திருப்பியிருக்கிறது, மேற்பலகையின் இரண்டு ஒலித்துளைகள் எந்தச் சாய்வில் வெட்டப்பட்டுள்ளன, ஓரத்தில் பதித்த மெல்லிய கறுப்புக் கோடு மூலைகளில் எப்படி முடிகிறது என்று கவனிப்பார்கள். கையெழுத்து மாதிரி இவையெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

சரி, ஒரே ஆள் செய்த இரண்டு வயலின்களை எப்படிப் பிரிப்பது? அங்கேதான் மரம் கைகொடுக்கிறது. பின்பலகை மேப்பிள் மரத்தின் அலைவரிகளும், மேற்பலகை ஸ்புரூஸ் மரத்தின் ரேகைகளும் இன்னொரு வயலினில் அப்படியே அமையாது. அப்புறம் விரிசல், ஒட்டுப்போட்ட இடம், வார்னிஷ் தேய்ந்த இடம். இதனால்தான் நல்ல புகைப்படங்கள் அவ்வளவு முக்கியம். வயலின் கலைஞர் ரோமன் டோட்டன்பர்க்கிடமிருந்து 1980-இல் திருடுபோன, 1734-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி செய்த வயலின், 35 ஆண்டுகள் கழித்து மதிப்பீட்டுக்கு வந்தபோதுதான் அடையாளம் காணப்பட்டது. அதற்குள் அவர் காலமாகியிருந்தார். வயலின் மகள்களிடம் போய்ச் சேர்ந்தது.

ஸ்புரூஸின் ஆண்டு வளையங்களை அளந்து மரத்தின் காலத்தையும் கணிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள 'மெசையா' என்ற ஸ்ட்ராடிவாரி வயலின் 1716-இல் செய்யப்பட்டதுதானா என்று பெரிய சர்ச்சை எழுந்தபோது, அதன் கடைசி வளையம் 1680-களைச் சேர்ந்தது என்று தெரிந்தது; 1716 என்ற ஆண்டுக்கு அது பொருந்துகிறது. ஆனால் வளையம் மரத்தின் வயதைத்தான் சொல்லும், செய்தவர் பெயரைச் சொல்லாது.