ஸ்டோயிக் தத்துவம் தொழில் நடத்துபவருக்கு எங்கே உதவும்?

பழங்கால கிரேக்க, ரோமானிய வாழ்க்கைத் தத்துவம் இது. மனதைத் தேற்றிக்கொள்ள மட்டும்தானா, அன்றாட முடிவுகளுக்கும் உதவுமா என்பது கேள்வி. என்னைக் கேட்டால் முடிவுகளுக்குத்தான்.

கி.மு. 44-ல் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கடமைகள் பற்றி எழுதிய நூலில் ஒரு கற்பனைச் சிக்கல் வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவருக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்லவேண்டுமா? சரக்கிலுள்ள குறையைச் சட்டம் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும் என்கிறார் ஸ்டோயிக் ஆசிரியர் பாபிலோனின் டயோஜினிஸ். தனக்குத் தெரிந்தது எல்லாம் வாங்குபவருக்கும் தெரியவேண்டும் என்கிறார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம். அடுத்த வாரம் புது மாடல் வருவது தெரிந்தே பழைய ஸ்டாக்கை முழு விலைக்குத் தள்ளுகிறீர்களா? அதே சிக்கல்தான்.

பயிற்சி என்றால், ரோமானிய ஸ்டோயிக் செனெகா சொல்லும் இரவுக் கணக்கு: இன்று எந்தக் குறையைத் திருத்தினேன், எந்தத் தவறை எதிர்த்து நின்றேன், எதில் தேறினேன்? பத்து நிமிடம் போதும். "நேர்மையாக இருந்தேன்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. "டெலிவரி தாமதமாகும் என்று காலையிலேயே தெரியும், மாலைதான் சொன்னேன்" என்று எழுதுங்கள்.

பலர் சறுக்குவது இன்னொரு ஸ்டோயிக் ஆசிரியரான எபிக்டெட்டஸிடம். நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் அவர். "என் கையில் இல்லை" என்பதைச் சாக்காக்கிவிடுகிறார்கள். சந்தை உங்கள் கையில் இல்லைதான். சப்ளையருக்குப் பணம் தரும் தேதி பெரும்பாலும் உங்கள் கையில்தான்.