சுவரிடுக்கில் வாழும் கொசுத்தேனீக்களைப் பெட்டிக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: தாம்பரத்தை அடுத்த பகுதியில் சிறு தோட்டத்துடன் கூடிய வீட்டில் வசிக்கிறோம். சுற்றுச்சுவர்த் தூணின் விரிசலில், கொசுவைப் போன்ற கறுப்புத் தேனீக்கள் மெழுகுக் குழாய் ஒன்றைக் கட்டி வாழ்கின்றன. வண்ணம் பூச வந்தவர், விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடச் சொல்கிறார். கைக்குழந்தை உள்ள வீட்டில் இவற்றை விட்டுவைக்கலாமா? தூணை உடைத்துக் கூட்டை எடுத்து, மொட்டைமாடியில் பெட்டியில் வைத்து வளர்க்க முடியுமா?

பதில்: விரிசலை அடைக்கவும் வேண்டாம், தூணை உடைக்கவும் வேண்டாம். உங்கள் சுவரில் இருப்பவை கொசுத்தேனீக்கள். தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் இனத்துக்கு அறிவியலில் டெட்ரகோனுலா இரிடிபென்னிஸ் என்று பெயர். ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளமுள்ள இவற்றின் கொடுக்கு கொட்டும் திறனை இழந்துவிட்டது. கூட்டைக் கலைத்தால் தலைமுடிக்குள்ளும் காதோரத்திலும் புகுந்து கடிக்கும். எரிச்சல் உண்டே தவிர நஞ்சு ஏறாது. ஆகவே குழந்தை இருப்பது இவற்றை விரட்டுவதற்குக் காரணமாகாது.

தூணை உடைக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இவற்றின் ராணி. பெட்டிகளில் வழக்கமாக வளர்க்கும் அடுக்குத்தேனீக் குடும்பம் பிரியும்போது பழைய ராணியே பறந்து வெளியேறுகிறது. கொசுத்தேனீயிலோ, முட்டையிடத் தொடங்கிய ராணி வயிறு பருத்துப் பறக்க இயலாமல் ஆகிவிடுகிறது. உளியின் அதிர்ச்சியில் அது நசுங்கினாலோ செங்கல் தூளோடு கீழே விழுந்தாலோ, அதனால் பறந்துபோய்ப் பெட்டியில் சேர முடியாது. அதோடு தேனைச் சேர்த்துவைக்கும் மெழுகுக் குடங்களும் உடைந்து ஒழுகிவிட்டால், அந்த வாசனைக்கு எறும்புகள் படையெடுத்து, எஞ்சிய கூட்டையும் ஒரே இரவில் முடித்துவிடும்.

கேரளத்தில் கொசுத்தேனீ வளர்ப்பவர்கள் கையாளும் பொறுமையான வழி ஒன்று இருக்கிறது. ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள, தடித்த பலகையால் ஆன மரப்பெட்டியைத் தூணுக்கு அருகில் பொருத்துங்கள். மாலையில், மெழுகு வாசல் குழாயை உடையாமல் கழற்றி, அந்த இடத்தில் அரை அங்குல ஹோஸ் குழாயின் ஒரு முனையைச் செருகி, சுற்றியுள்ள இடுக்குகளைக் களிமண்ணால் பூசிவிட வேண்டும். மறுமுனை பெட்டியின் பின்பக்கத் துளைக்குள் போகும்; தேனீக்கள் வெளியேறும் துளை முன்பக்கத்தில் இருக்கும். கழற்றிய மெழுகை அந்த முன்துளையைச் சுற்றி அப்பிவிட்டால், திரும்பி வருபவை தம் வாசனையை அறிந்து எளிதில் உள்ளே நுழையும். முதல் சில நாட்கள் சுவரருகே கூட்டமாகச் சுற்றித் தடுமாறும். அதைக் கண்டு குழாயைப் பிடுங்கிவிடாதீர்கள்.

நாளடைவில் பெட்டிக்குள் பிசினும், தேன் குடங்களும், மகரந்தக் குடங்களும் சேரும். புழுக்கள் வளரும் அடைகள் தோன்றிப் புதிய ராணி முட்டையிடும் வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. இதற்குச் சில மாதங்களும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். அதன்பின் இணைப்பைத் துண்டித்தால், சுவர்க்கூடு தன் வாசலோடு தொடரும். பெட்டியில் இன்னொரு குடும்பம் உங்களுக்குக் கிடைக்கும். வண்ணம் பூசுபவரிடம் வாசலைச் சுற்றி ஓரடி விட்டுப் பூசச் சொன்னால் போதும்.

மொட்டைமாடி கூடவே கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் கான்கிரீட் தளத்தின் சூட்டுக்கு மெழுகு இளகிக் கூடு சரிந்துவிடும். காலை இளவெயில் படும், நண்பகலில் முழு நிழலாக இருக்கும் தாழ்வாரச் சுவரே பொருத்தமான இடம். துண்டித்த பெட்டியைத் தொலைவுக்குக் கொண்டுபோவதானால், இரவில் வாசலை மூடி எடுத்துச் செல்லுங்கள். வீட்டு வளாகத்துக்குள்ளேயே இடம் மாற்றுவதானால், நாளுக்கு ஓரடிக்கும் குறைவாக நகர்த்துவதே பாதுகாப்பானது. ஒரேயடியாக மாற்றினால் உழைக்கும் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பித் தவிக்கும்.

உணவுக்குத் துளசி, முருங்கை, தென்னை, பத்துமணிப்பூ, கொடிரோஜா ஆகியவை நல்லவை. பிசின் இல்லாமல் இவற்றால் கூடு கட்ட முடியாது என்பதால், அருகில் மாவோ பலாவோ இருப்பது பெரிய உதவி. தெருவோரங்களில் நடப்படும் ஆப்பிரிக்க டூலிப் மரத்தை மட்டும் தவிருங்கள். அதன் பூவுக்குள் இத்தகைய தேனீக்கள் செத்துக்கிடப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. கொசுப்புகை அடிக்கும் நாளில், தேனீக்கள் அடங்கியபின் வாசலில் மெல்லிய கம்பிவலையைப் பொருத்தி, புகை முழுதும் கலைந்ததும் எடுத்துவிடுங்கள்.

தேனை எண்ணி இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆண்டுக்குச் சில நூறு கிராம் கிடைத்தாலே அதிகம். காய்கறிப் பூக்களில் நடக்கும் மகரந்தச் சேர்க்கையே உங்கள் தோட்டத்துக்கு உண்மையான வரவு. எடுப்பதானால் கோடையில் ஒருமுறை, ஓரத்துத் தேன் குடங்களில் பாதியை மட்டும் எடுங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் வெளியே போக முடியாத தேனீக்களுக்கு மீதிதான் உணவு. இந்தத் தேனில் ஈரம் அதிகம் என்பதால் எளிதில் புளித்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனையும், நாக்கில் தடவும் அளவுக்குக்கூட, கொடுக்கக் கூடாது.